லண்டனில் மலிவு ஹோட்டல் அறை கைவிட்டுவிட்டதா? இப்போது என்ன செய்யலாம், அடுத்த முறை எப்படித் தேடலாம்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தனியாக லண்டன் போன ஒருவர், பேடிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மலிவு ஹோட்டலில் ஐந்து இரவுக்கு அறை எடுத்திருக்கிறார். புக்கிங் தளம் வழியாக, முழுப் பணமும் முன்கூட்டியே கட்டி. படத்தில் இருந்தது வெளிச்சமான அறை. கிடைத்ததோ தரைமட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன அறை. திரையை விலக்கினால் எதிரே சுவர். கார்ப்பெட்டில் ஈர வாடை, இரவெல்லாம் கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தம். மறுநாள் காலி செய்துகொள்கிறேன் என்று கேட்டதற்கு ரீஃபண்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து இரவையும் அங்கேயே ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் கேட்கிறார்: இது மோசடியா, பணத்தில் கொஞ்சமாவது திரும்ப வருமா, இனி எப்படித் தேடுவது?

அதே வட்டாரத்தில் ஒரு சிறிய ஹோட்டலின் ரிசப்ஷனில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் மேஜைக்கு அந்தப் பக்கம் நடப்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் விசாரித்திருக்கலாமோ என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அந்தத் தெருக்களில் தனி ஆளுக்கு மோசமான அறை விழுவதற்குக் கட்டடத்திலேயே காரணம் இருக்கிறது, அறை ஒதுக்கும் முறையிலும் இருக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை முழுதாக வராது. ஒரு பகுதி வர வாய்ப்பு உண்டு, முயற்சி செய்து பார்க்க வேண்டியதுதான்.

கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பேடிங்டன் பக்கம் சஸெக்ஸ் கார்டன்ஸ், கிங்ஸ் கிராஸ் பக்கம் ஆர்கைல் ஸ்கொயர், விக்டோரியா பக்கம் பெல்கிரேவ் ரோடு, அப்புறம் ஏர்ல்ஸ் கோர்ட், பேஸ்வாட்டர். மலிவு ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் இந்த இடங்களில் பெரும்பாலானவை ஹோட்டலாகக் கட்டப்பட்டவை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் வசதியான குடும்பங்கள் வாழ்வதற்காக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள். நான்கைந்து மாடி, குறுகிய படிக்கட்டு. வீட்டுக்காரர்கள் நடு மாடிகளில் இருந்தார்கள். சமையலும் வீட்டு வேலையும் தரைக்குக் கீழே நடந்தன, வேலைக்காரர்கள் உச்சி மாடியில் படுத்தார்கள். பிற்காலத்தில் இரண்டு மூன்று வீடுகளை இணைத்து, பெரிய அறைகளைத் தடுப்புச் சுவரால் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு ஷவரையும் கழிப்பறையையும் நுழைத்து ஹோட்டலாக்கினார்கள். நல்ல துண்டுகள் டபுள் ரூம் ஆயின. மிச்சம் மீதி எல்லாம் சிங்கிள் ரூம்: சமையல்கட்டு இருந்த அடித்தளம், சாய்ந்த கூரைக்கு அடியில் இருக்கும் உச்சி அறை, படிக்கட்டுத் திருப்பத்தில் இருக்கும் பொந்து.

இப்படி ஒரு அறைக்குள் போனால் மேலே நிமிர்ந்து பாருங்கள். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் இலையும் பூவுமாகச் சாந்து வேலைப்பாடு மூன்று பக்கம் ஓடிவரும். நான்காவது பக்கத்தில் ஒரு இலை பாதியிலேயே வெட்டுப்பட்டு நிற்கும். அந்த இடத்தில்தான் தடுப்புச் சுவர். மீதி இலை பக்கத்து அறையில் இருக்கிறது. அந்தச் சுவர் பெரும்பாலும் மெல்லிய ஜிப்சம் பலகை. பக்கத்து அறைக்காரர் பெட்டியின் ஜிப்பை இழுப்பதுகூடக் கேட்கும்.

உங்களைத் தூங்கவிடாத கதவுச் சத்தத்துக்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் 2005ஆம் வருடத் தீப் பாதுகாப்பு ஆணைப்படி, தீப்பிடித்தால் விருந்தினர் பத்திரமாக வெளியேற வழி இருக்கும்படி ஹோட்டலை நடத்துபவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அறைக் கதவு, நடைபாதைக் கதவு எல்லாமே தானாக மூடிக்கொள்ளும் கனமான கதவுகள். மேலே இருக்கும் மூடும் கருவியைச் சரியாகத் திருகி வைத்தால் மெதுவாக மூடும். அதைக் கவனிக்காத ஹோட்டலில் ஒவ்வொரு முறையும் படார் என்று அடிக்கும். சட்டத்தின் மேல் பழிபோட முடியாது, பராமரிப்பு சரியில்லை என்றுதான் அர்த்தம். கட்டில் லேசாக அதிர்ந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். பேடிங்டன், பேஸ்வாட்டர் வழியாகப் போகும் சர்க்கிள், டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதைகள் ஆழத்தில் இல்லை, தெருவைத் தோண்டிப் பாதை போட்டு மேலே மூடியவை. பக்கத்தில் லீன்ஸ்டர் கார்டன்ஸ் தெருவில் 23, 24 எண் வீடுகளுக்கு முகப்புச் சுவர் மட்டும்தான் உண்டு. 1860களில் பாதை போடும்போது வீடுகளை இடித்துவிட்டு, திறந்த பள்ளத்தை மறைக்க முகப்பை மட்டும் கட்டி வைத்தார்கள். அவ்வளவு மேலே ஓடும் ரயில், அடித்தள அறைக்கு ஏறக்குறைய பக்கத்து வீடு.

இந்த வீடுகளில் நிறைய, பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இருக்கின்றன. அனுமதியில்லாமல் ஜன்னலை மாற்றவோ லிஃப்ட் வைக்கவோ முடியாது. ஒற்றைக் கண்ணாடி, மேலும் கீழும் நகர்த்தும் பழைய மரச்சட்ட ஜன்னல், பல அடுக்கு பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டு திறக்கவே திறக்காது. ஏசி இருக்காது. லிஃப்ட் இல்லாததும் பழைய ஜன்னலும் அந்த வட்டாரத்தில் சகஜம், அதற்காகச் சண்டை போட்டுப் பயனில்லை. ஈர வாடை அப்படி இல்லை. அழுக்கு, பூஞ்சை, உடைந்த பூட்டு, வெந்நீர் வராதது, இதெல்லாம் எந்த விலை அறையிலும் இருக்கக் கூடாதவை. இந்த இரண்டையும் பிரித்துப் பேசினால் உங்கள் புகாருக்கு மதிப்பு கூடும்.

அறை எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். காலையில் அன்று வருபவர்களின் பட்டியல் கையில் வரும். சிங்கிள் என்ற ஒரே பெயரில் எட்டு பத்து அறைகள் இருக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. தளத்தில் போட்டிருக்கும் படம் அதில் மிக நல்லது எதுவோ அதனுடையது. பழைய வாடிக்கையாளர், ஹோட்டலுக்கே நேரடியாக எழுதிப் பதிவு செய்தவர், அமைதியான அறை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டவர், இவர்களுக்கு முதலில் ஒதுக்குவோம். தளம் வழியாக வந்தவரின் பணத்தில் நூற்றுக்குப் பதினைந்து அளவுக்குத் தளத்துக்குப் போய்விடுகிறது. அதிலும் ரத்து செய்ய முடியாத கட்டணத்தில், ஒரு கோரிக்கையும் எழுதாமல், தனியாக, இரவு ஒன்பது மணிக்கு வந்து நிற்பவருக்கு மிச்சமிருக்கும் அறைதான். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டாலும் பணம் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. இது நியாயம் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையில் எனக்கு மனசு உறுத்திய விஷயமே இதுதான். நீண்ட பயணம் முடிந்து, களைத்துப்போய், பக்கத்தில் பேச ஆள் இல்லாமல் நிற்கும் மனிதருக்குத்தான் இருப்பதிலேயே மோசமான சாவி போகும்.

சரி, இது மோசடியா? நீங்கள் பதிவு செய்த பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் 2015ஆம் வருட நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும். வாடிக்கையாளர் நம்பி முடிவெடுத்த விவரங்கள், வியாபாரி சொன்னதோ எழுதியதோ, ஒப்பந்தத்தின் பகுதியாகவே கருதப்படும். அது தவறினால் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பதிவுப் பக்கத்தில் தெருவைப் பார்த்த ஜன்னல் என்று போட்டிருந்து சுவரைப் பார்த்த ஜன்னல் கிடைத்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வெறும் சிங்கிள் ரூம் என்று மட்டும் இருந்து, படம் மாதிரிக்கு மட்டுமே என்று கீழே எழுதியிருந்தால், அறை அடித்தளத்தில் இருந்தது என்பதை மட்டும் வைத்து வாதாடுவது கஷ்டம். ஈர வாடைக்கும் தூங்கமுடியாத சத்தத்துக்கும் அந்த வரி பாதுகாப்பு தராது. வந்து சேர்ந்த பிறகு மேஜையில் ஏதாவது கட்டாயக் கட்டணம் தனியாக வாங்கினார்களா என்றும் ரசீதைப் பாருங்கள். 2025 ஏப்ரல் 6 முதல், தவிர்க்க முடியாத கட்டணங்களை ஆரம்ப விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். போலி விமர்சனங்களுக்கும் அதே சட்டத்தில் தடை உண்டு.

இப்போதே செய்ய வேண்டியது: அந்த ஹோட்டலின் பக்கத்தையும் உங்கள் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். படங்களும் வர்ணனையும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். பிறகு ஹோட்டலுக்கு ஒரு கடிதம். கோபத்தைக் குறைத்து, தேதி, அறை எண், பக்கத்தில் சொன்னது என்ன, கிடைத்தது என்ன, மறுநாள் யாரிடம் எத்தனை மணிக்குப் புகார் சொன்னீர்கள், அவர்கள் சொன்ன பதில் என்ன என்று எழுதுங்கள். மறுநாளே சொன்னது உங்களுக்குப் பெரிய பலம். ஐந்து இரவும் தங்கிவிட்டதால் முழுப் பணத்தையும் கேட்காதீர்கள். ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்கள், உதாரணமாக இரண்டு இரவுக்கான கட்டணம். பதில் தர 14 நாள் அவகாசம் கொடுங்கள். ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று எழுதினால் மன்னிப்புக் கடிதம் மட்டும்தான் வரும். தொகையும் காரணமும் தெளிவாக இருந்தால் மேலாளர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கத்தியவருக்குக் கிடைக்காதது இப்படி எழுதியவருக்குக் கிடைத்தது.

அதே கடிதத்தைப் புக்கிங் தளத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் கார்டில் பணம் எடுத்தது யார் என்று ஸ்டேட்மெண்ட்டில் பாருங்கள், தளமா, ஹோட்டலா? எடுத்தவர்தான் திருப்பித் தர வேண்டியவர், உங்கள் வங்கி கேட்கும் முதல் கேள்வியும் இதுவே. இரண்டு பக்கமும் மறுத்தால், வாங்கிய சேவை சொன்னபடி இல்லை என்ற காரணத்தில் வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பக் கேட்பது. வழக்கமாக 120 நாள் அளவில்தான் கால வரம்பு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் முழுக்கத் தங்கிவிட்ட ஒருவருக்கு வங்கி எளிதில் சாதகமாக முடிவெடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து கிரெடிட் கார்டுகளுக்கு 1974ஆம் வருடச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது என்று படித்திருப்பீர்கள். அது அந்த நாட்டில் கடன் ஒப்பந்தம் செய்தவர்களுக்கானது, வெளிநாட்டு வங்கிக் கார்டுக்கு அதை நம்ப முடியாது. நீதிமன்றம் வரை போவது வெளிநாட்டிலிருந்து செய்யக்கூடிய காரியம் இல்லை, விட்டுவிடுங்கள்.

விமர்சனம் எழுதும்போது அறை எண்ணையும் அது எந்த மாடி என்பதையும் போடுங்கள். மோசம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, அடித்தளம், இந்த எண், ஜன்னலுக்கு எதிரே சுவர் என்ற ஒரு வரி அடுத்து வருபவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். ஹோட்டலில் அந்த வரியைத்தான் கவனித்துப் படிப்பார்கள்.

இனிமேலுக்கு. நான் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்: அறையைப் பார்த்த முதல் ஒரு மணி நேரத்திலேயே பேசுங்கள். பெட்டியைத் திறக்காதீர்கள், குளிக்காதீர்கள், கட்டிலில் சாயாதீர்கள். அறையைத் தொடாதவரை அதை அப்படியே வேறொருவருக்குக் கொடுக்கலாம், ரிசப்ஷனில் இருப்பவருக்கும் மாற்றிக் கொடுக்க மனசு வரும். ஒரு இரவு படுத்த பிறகு அந்த அறையை மறுபடி சுத்தம் செய்தாக வேண்டும், அன்று வருபவர்களுக்கு ஒதுக்கீடும் முடிந்திருக்கும். கதவிலிருந்து ஜன்னல் வரை ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டு கீழே போங்கள். எனக்கு இந்த அறை பிடிக்கவில்லை என்று சொல்லாமல், இந்த அறையில் ஈரம் இருக்கிறது, இங்கே தூங்க முடியாது, தரைக்கு மேலே வேறு அறை காட்டுங்கள் என்று கேளுங்கள். இன்று இல்லை என்றால் நாளைக்கு எத்தனை மணிக்கு மாற்றுவீர்கள் என்று கேட்டு, அதை அவர்கள் கண்முன்னே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

எந்த அறையும் இல்லை, தங்கவே முடியாது என்ற நிலை என்றால், மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே புக்கிங் தளத்துக்குப் போன் செய்யுங்கள். தளத்தின் ஊழியர் ஹோட்டலை அழைத்து, அபராதம் இல்லாமல் விட்டுவிடச் சம்மதமா என்று கேட்பார். ஹோட்டல் சம்மதித்தால் ரத்து செய்ய முடியாத கட்டணம்கூடத் திரும்ப வரும். அந்தச் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் வெளியே போகாதீர்கள். நீங்களாகப் போய்விட்டால் வராதவர் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

மூட்டைப்பூச்சிக்கு மட்டும் தனி விதி. அறைக்குள் போனதும் பெட்டியைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டு, மெத்தையின் ஓரத் தையலையும் கட்டிலின் தலைப்பக்கப் பலகையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா மை தெறித்த மாதிரி கரும்புள்ளிகள் இருந்தால் அது அவற்றின் எச்சம். பக்கத்து அறை, நேர் மேல், நேர் கீழ் அறை எதையும் ஏற்காதீர்கள், சுவர் வழியாகப் பரவும். ஏற்கெனவே தங்கிவிட்டீர்கள் என்றால், வீடு போனதும் துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது நல்லது.

தனியாகப் போகிறவர்களுக்கு, பெண்களுக்கு முக்கியமாக: ரிசப்ஷனில் அறை எண்ணைச் சத்தமாகச் சொன்னால், தயங்காமல் வேறு அறை கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளோ சங்கிலியோ இருக்கிறதா, அடித்தள ஜன்னல் வெளியிலிருந்து திறக்காதபடி இருக்கிறதா என்று பாருங்கள். தங்குபவரின் பெயரையும் குடியுரிமையையும், பிரிட்டன், அயர்லாந்து, காமன்வெல்த் நாடுகளைச் சேராதவர் என்றால் பாஸ்போர்ட் எண்ணையும் ஹோட்டல் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்கே 1972ஆம் வருட ஆணை. பதிவு செய்துகொண்டு திருப்பித் தந்துவிட வேண்டியதுதான், பாஸ்போர்ட்டை அவர்களிடம் விட்டுவைக்கத் தேவையில்லை. அறையில் விலையுயர்ந்த பொருள் எதையும் வைத்துப் போகாதீர்கள். 1956ஆம் வருடச் சட்ட அறிவிப்பைச் சுவரில் மாட்டியிருக்கும் ஹோட்டலின் பொறுப்பு, பொதுவாக ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தம் 100 பவுண்டு என்ற அளவோடு நின்றுவிடும். 1956இல் அது பெரிய தொகை. ஹோட்டலின் கவனக்குறைவால் தொலைந்தால், அல்லது பாதுகாப்புக்காக அவர்களிடமே ஒப்படைத்திருந்தால், இந்த வரம்பு பொருந்தாது.

தேடும் விதம். நட்சத்திரத்தை ரொம்ப நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் நட்சத்திரத் தரம் கட்டாயம் இல்லை, விரும்பிய ஹோட்டல்கள் பரிசோதனைக்கு உட்பட்டு வாங்கிக்கொள்கின்றன. சில தளங்களில் தெரியும் நட்சத்திரம் ஹோட்டல் தானாகவே சொல்லிக்கொண்டதாகவும் இருக்கலாம். அறையின் அளவைப் பாருங்கள். 7 சதுர மீட்டர் என்றால் சுமார் 75 சதுர அடி. அதில் 90க்கு 190 சென்டிமீட்டர் சிங்கிள் கட்டில், ஷவர், கழிப்பறை எல்லாம் போனால் பெட்டியை விரித்து வைக்கவே இடம் இருக்காது. அளவே போடாத இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விமர்சனங்களில் பத்துக்குப் பத்தையும் விடுங்கள், ஒன்றையும் விடுங்கள். ஐந்து, ஆறு கொடுத்தவர்களில் தனியாகத் தங்கியவர்கள், கடைசி இரண்டு மூன்று மாதத்தில் எழுதியவர்கள், அவர்களைப் படியுங்கள். எல்லாரும் இடம் வசதி, ஸ்டேஷன் பக்கம் என்பதை மட்டுமே புகழ்ந்தால், அறைக்குள் புகழ ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே செலவில் வேறு வழிகளும் உண்டு. பிரீமியர் இன், டிராவலாட்ஜ் போன்ற சங்கிலி ஹோட்டல்களில் அழகு எதிர்பார்க்க முடியாது, ஆனால் ஒரு கிளையில் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் வித்தியாசம் குறைவு. தனியாகப் போகிறவருக்கு அது பெரிய நிம்மதி. ஊருக்கு நடுவே இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் ரயில் பாதையில், ஸ்ட்ராட்ஃபோர்டு போன்ற இடத்தில் தங்கினாலும் சீக்கிரமே நகரத்தின் மையத்துக்கு வந்துவிடலாம். கோடை விடுமுறையில் எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) போன்ற கல்லூரிகள் மாணவர் விடுதி அறைகளை வெளியாட்களுக்கு விடுகின்றன. சாதாரண அறைதான், ஆனால் ஒரு ஆள் தங்குவதற்காகவே திட்டமிட்ட அறை. ஃபிட்ஸ்ராய் ஸ்கொயரில் இந்தியன் ஒய்எம்சிஏ இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியவே தெரியாது. சேலத்தில் பிறந்த கே.டி. பால் முன்முயற்சியில் 1920இல் இந்திய மாணவர்களுக்காக ஆரம்பித்தது. அங்கே தனி ஆளுக்கான அறையும் இந்தியச் சாப்பாடும் உண்டு.

அந்தப் பழைய வீட்டு ஹோட்டல்களே பிடிக்கும் என்றாலும் தவறில்லை. அவற்றில் நல்ல அறைகள் நிஜமாகவே இருக்கின்றன, குடும்பமாக நடத்தும் அருமையான இடங்களும் இருக்கின்றன. அவற்றில் பதிவு செய்வதற்கு முன்னால் ஹோட்டலின் சொந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் தனியாக வருகிறேன், எனக்குத் தரப்போகும் அறை எந்த மாடி, ஜன்னல் திறக்குமா, எதைப் பார்த்து இருக்கும், எத்தனை சதுர மீட்டர், கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வந்தால், அந்தப் பதிலைச் சொல்லியே பதிவு செய்யுங்கள், ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வரும்போது அந்த மின்னஞ்சலை போனில் திறந்து வைத்திருங்கள். இரண்டு நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த ஹோட்டலுக்கு எழுதுங்கள்.